ஐ.பி. விலாசம் என்றால் என்ன? அதற்குப் பயப்பட வேண்டுமா?



கடந்த இரண்டு வாரங்களாக எமது வானொலியில் நான் சொல்லி வந்த விடயத்தின் எழுத்து வடிவம் இது. வேலை நேரம் காரணமாகக் கேட்க முடியாமற் போன பலர் கேட்டுக்கொண்டதால், இந்த மாத மடலில் சற்று விரிவாகத் தருகிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. நிகழ்ச்சி முடிந்து கலையகத்தில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கோட் டே நேஜ் பகுதியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா. எங்கள் நீண்டகால நேயர். பாட்டுக் கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். குரல் நடுங்கியது.

“தம்பி, என்ர ஐ.பி. விலாசத்தை ஆரோ களவெடுத்துப் போட்டாங்களாம். அதை வைச்சுக் களவும் செய்திட்டாங்களாம். பொலிஸ் வரமுதல் காசு கட்டச் சொல்லி ஒருத்தன் எடுத்தவன். இங்கிலீசிலதான் கதைச்சவன்.”

“காசு கட்டிப் போட்டீங்களா அம்மா?”

“இல்லைத் தம்பி. கடையில போய்க் கிவ்ற் காட் வாங்கி நம்பரைச் சொல்லட்டாம். வெளியில சினோ. சப்பாத்தும் போட்டுட்டன். போகமுதல் உங்களிட்டை ஒருக்காக் கேப்பம் எண்டு எடுத்தனான்.”

சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். காசு தப்பியது. பிறகு ஆறுதலாக இருந்து அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “அது சரி தம்பி, அந்த ஐ.பி. விலாசம் எண்டால் என்ன? எனக்கும் அது இருக்கோ?”

என்னால் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் வணிகத்துறைப் பட்டதாரி, தொழிலால் கணக்காளர். கணனிப் பொறியியலாளர் அல்ல. ஆனால் யோசித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அந்த அம்மா படிப்பறிவு இல்லாதவர் அல்ல, ஊரில் ஆசிரியையாக இருந்தவர். அவரைப் பயப்படுத்தியது ‘விலாசம்’, ‘பொலிஸ்’ என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக வந்ததுதான். எங்கள் சனத்துக்கு இவை இலேசான சொற்கள் அல்ல. பதிவு, அடையாள அட்டை, எந்த விலாசத்தில் யார் நிற்கிறார்கள் என்ற விசாரணை, இவற்றையெல்லாம் தாண்டித்தான் இங்கே வந்து சேர்ந்தோம். அந்தப் பயத்தை விலைபேசுகிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த விலாசம் உண்மையில் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்தான் விலாசம்

இணையம் என்பது ஒரு பெரிய கணனி அல்ல. ஒரு கம்பனியின் சொத்தும் அல்ல. பல்லாயிரம் வலையமைப்புகளின் கோர்வை அது. உங்கள் வீட்டுக்கு இணைப்புத் தரும் கம்பனிக்கு ஒரு வலையமைப்பு, மக்கில் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, யாழ்ப்பாணத்தில் உங்கள் தங்கச்சியின் கைத்தொலைபேசிக் கம்பனிக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், எந்தத் தகவல் எங்கே போக வேண்டும் என்று குறிப்பிட ஒரு முறை வேண்டும். அதற்காக இணைப்பில் நிற்கும் கருவிக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். அதுவே ஐ.பி. விலாசம்.

இன்றும் பெருமளவில் வழங்கும் நான்காம் பதிப்பில் இந்த விலாசம் நான்கு எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். நடுவில் புள்ளி வரும். இதன் விதிமுறை 1981ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளியானது. இந்த முறையில் மொத்தம் எத்தனை விலாசங்கள் உண்டு என்று கணக்காளர் என்ற முறையில் கூட்டிப் பார்த்தேன்: 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296.

விலாசம் இரண்டு பேருக்கு ஒன்றாகி விட்டால் குழப்பம். ஆகவே யாருக்கு எந்த எண் கொடுக்கப்பட்டது என்று ஒரு பேரேடு வேண்டும். ஆரம்ப காலத்தில் அந்தப் பேரேட்டைப் பல ஆண்டுகளாகக் கவனித்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோன் போஸ்ரல் என்ற கணனி அறிஞர். அவர் 1998இல் காலமானார். அதே ஆண்டில் உருவான ஐகான் என்ற அமைப்பு இன்று அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அதன் கூட்டங்கள் எமது மொன்றியலிலும் 2003இலும் 2019இலும் நடந்தன. ஐகானின் கீழ் உலகம் ஐந்து பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கனடாவும் அமெரிக்காவும் ஆரின் என்ற பதிவகத்தின் கீழ் வருகின்றன. இலங்கையும் இந்தியாவும் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் என்ற பதிவகத்தின் கீழ் வருகின்றன.

ஒரு கட்டிடம், ஒரு கதவிலக்கம்

429 கோடி என்பது 1981இல் கடல் போலத் தெரிந்திருக்கும். ஆனால் இன்று உலக சனத்தொகையே 800 கோடிக்கு மேல். ஒரு வீட்டிலேயே நான்கு கைத்தொலைபேசி, இரண்டு மடிக்கணனி, ஒரு தொலைக்காட்சி. பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசிப் பெருந்தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி ஐந்து பிராந்தியங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. எமது பிராந்தியத்தின் கையிருப்பு 2015 செப்ரெம்பரில் தீர்ந்தது.

அப்படியானால் இன்றும் எப்படிப் புதிது புதிதாக இணைப்புக் கொடுக்கிறார்கள்? இதற்கு எங்கள் மொன்றியல் அடுக்குமாடிக் கட்டிடமே நல்ல உதாரணம். கட்டிடத்துக்குத் தெருவில் கதவிலக்கம் ஒன்றுதான். உள்ளே நாற்பது வீடுகள். 12ஆம் இலக்க வீடு எங்கள் கட்டிடத்திலும் உண்டு, பக்கத்துக் கட்டிடத்திலும் உண்டு. குழப்பம் வருவதில்லை. ஏனென்றால் தபால்காரர் முதலில் கட்டிடத்தைக் கண்டுபிடித்து, பிறகுதான் வீட்டு இலக்கத்தைப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டில் மூலையில் மினுங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்ற பெட்டிதான் அந்தக் கட்டிட வாசல். வெளி உலகத்துக்குத் தெரியும் விலாசம் அதற்கே உரியது. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு அது தானே சிறு இலக்கங்களைக் கொடுத்துக்கொள்கிறது. உங்கள் கைத்தொலைபேசியின் வைஃபை விபரத்தைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் 192.168 என்று தொடங்கும். அது உள்வீட்டு இலக்கம். இப்படிப்பட்ட உள்வீட்டு இலக்கங்களுக்கென்றே சில தொகுதிகளை ஒதுக்கி வைத்தார்கள். ஆகையால் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு இருக்கும் அதே இலக்கம் லாவாலில் இருக்கும் மச்சானின் கணனிக்கும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் தெரியாது.

இன்னுமொன்று. வெளி விலாசமும் உங்களுக்கு நிரந்தரமாக எழுதித் தரப்பட்டதல்ல. பெரும்பாலான வீடுகளுக்கு இணைப்புக் கம்பனி அதை வாடகைக்கு விடுவது போலத்தான் விடுகிறது. கம்பனி மாற்றி விடலாம், பெட்டியை நிறுத்தி மீண்டும் போட்டாலும் மாறலாம். ஜூலை 1ஆம் திகதி வந்தால் இந்த நகரத்தில் பாதிப்பேர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுகிறோமே, அது போன்றதுதான்.

நிரந்தரத் தீர்வாக ஆறாம் பதிப்பு என்று ஒரு புதிய விலாச முறை வந்திருக்கிறது. அதில் உள்ள விலாசங்களின் தொகை 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். 2012 ஜூன் 6ஆம் திகதி முதல் பெரிய நிறுவனங்கள் பல அதை நிரந்தரமாகப் பாவனைக்கு விட்டன. இப்போது பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன.

ஊருக்கு ஒரு படம் போகும் வழி

பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம் ஒன்றை மொன்றியலில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் படம் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொதி பொதுவாக 1500 பைற்றுக்கு மேற்படாது. ஆக, 3 மெகாபைற் படம் ஒன்று சுமார் 2000 பொதிகளாகும். ஒவ்வொரு பொதியிலும் அனுப்பியவர் விலாசம், பெறுபவர் விலாசம், எத்தனையாவது துண்டு என்ற குறிப்பு எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் வீட்டு ரவுட்டருக்கு யாழ்ப்பாணம் போக வழி தெரியாது. அதற்குத் தெரிந்தது அடுத்த படி மட்டும்தான். ஊரில் புது இடத்தில் வழி கேட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். முழு வழியையும் யாரும் சொல்லமாட்டார்கள். “நேரே போய் அந்த ஆலடியில கேளுங்கோ” என்பார்கள். ஆலடியில் நிற்பவர், “பிள்ளையார் கோயில் முன்னுக்குப் போய்க் கேளுங்கோ” என்பார். கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிடுவோம். இணையப் பொதிகளும் அப்படித்தான் போகின்றன. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு ரவுட்டர். அது பொதியில் உள்ள விலாசத்தைப் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளிவிடும்.

இந்த நகரத்திலேயே அப்படி ஒரு பெரிய சந்தி உண்டு. கியூ.ஐ.எக்ஸ். என்று பெயர். மொன்றியலில் உள்ள பல வலையமைப்புகள் அங்கே ஒன்றோடொன்று நேரடியாகப் பொதிகளைக் கைமாற்றிக்கொள்கின்றன. அப்படியொரு சந்தி இல்லாவிட்டால், வெர்டனில் இருந்து பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போகும் பொதிகூட ரொறொன்ரோவையோ நியூயோர்க்கையோ சுற்றிக்கொண்டு வர நேரும்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பொதிக்கு ஒரு வழி, அத்திலாந்திக் கடலடி வடம், ஐரோப்பா, எகிப்து, செங்கடல், அரபிக்கடல், இலங்கை. இலங்கையில் கல்கிசை, கொழும்பு, மாத்தறை ஆகிய இடங்களில் ‘சீ-மீ-வீ’ எனப்படும் சர்வதேசக் கடலடி வடங்கள் கரையேறின. அங்கிருந்து தரை வழியாக வடக்குக்கு. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. அதனால் இங்கிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய கால் செக்கன் போதும். நீங்கள் கேள்வி கேட்டதும் அம்மா ஒரு கணம் பேசாமல் இருப்பது போலத் தோன்றுவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

வழி அடைபட்டால்? 2004 ஓகஸ்டில் கொழும்புக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியது. அந்த நேரம் நாடு பெரும்பாலும் அந்த ஒரு வடத்தையே நம்பியிருந்ததால், இலங்கையின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெருமளவு துண்டிக்கப்பட்டன. மாறாக 2008 ஜனவரி 30ஆம் திகதி எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு வடங்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் மத்திய கிழக்கிலும் இணையம் மிகவும் மந்தமானது, ஆனால் அடியோடு நிற்கவில்லை. பொதிகள் கிழக்குப் பக்கமாக வேறு கடலைச் சுற்றிப் போயின. மாற்று வழி ஒன்று இருந்தால் அதைத் தேடிப் போகும் வகையில்தான் இந்த அமைப்புக் கட்டப்பட்டிருக்கிறது. மாற்று வழியே இல்லாவிட்டால் எந்தக் கெட்டித்தனமும் உதவாது.

“கேட்குதா?” “கேட்குது!”

விலாசம் மட்டும் இருந்தால் போதாது. இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் பேச வேண்டும். இதை நெறிமுறை என்கிறோம். ஆங்கிலத்தில் புரோட்டோகோல்.

தொண்ணூறுகளில் ரெலிபோன் காட் வாங்கி ஊருக்கு எடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எடுத்தவுடன் என்ன சொல்வோம்? “கேட்குதா?” என்போம். மறுமுனையில், “கேட்குது, உங்களுக்குக் கேட்குதா?” என்பார்கள். “கேட்குது” என்று சொல்லிவிட்டுத்தான் விடயத்துக்கு வருவோம். ரி.சி.பி. என்ற நெறிமுறை அச்சொட்டாக இதைத்தான் செய்கிறது. மூன்று சிறு பொதிகள் இப்படிப் போய் வந்த பிறகே உங்கள் படம் புறப்படும். அதன் பிறகும் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைத்தது என்று பதில் வரவேண்டும். பதில் வராவிட்டால் அந்தத் துண்டை மீண்டும் அனுப்பும். பதிவுத் தபால் மாதிரி.

ஆனால் எல்லாவற்றுக்கும் பதிவுத் தபால் சரிவராது. நேரடியாக முகம் பார்த்துப் பேசும்போது, தவறிய ஒரு சொல்லை இரண்டு செக்கன் கழித்துக் கொண்டுவந்து தந்து என்ன பயன்? அதற்கு யூ.டி.பி. என்ற இன்னொரு நெறிமுறை உண்டு. அது வானொலி மாதிரி. அனுப்பிக்கொண்டே இருக்கும், தவறினது தவறினதுதான். பேச்சு இடையிடையே வெட்டுப்படுவதும் படம் கட்டம் கட்டமாக உடைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஒரே ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழர்களாகிய நாம் நன்றாக அனுபவித்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டளவில் நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து இலண்டனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அண்ணரின் கணனியில் பாமினி இல்லை. அவருக்குக் கிடைத்தது ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குப்பை. விலாசம் சரி, பொதி எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, ஆனால் விளங்கவில்லை. காரணம், எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று இரு பக்கமும் உடன்படவில்லை. யூனிகோட் 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் எமது கணனிகளும் எழுத்துருக்களும் அதற்கு மாறிவரப் பல ஆண்டுகள் சென்றன. இன்று மொன்றியலில் ‘அ’ என்று அழுத்தினால் வட்டக்கச்சியிலும் ‘அ’ என்றே தெரிகிறது. அந்த எழுத்துக்கு ஒரே எண் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதே அதற்குக் காரணம்.

இணையத்தின் பிறப்பும் இப்படியான ஓர் உடன்பாடுதான். வின்ற் சேர்வ், றொபேட் கான் என்ற இருவர் 1974இல் வேறுவேறு வலையமைப்புகளை இணைப்பதற்கான முறையை எழுதினார்கள். 1983 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்காவின் ஆர்பாநெற் வலையமைப்பு முழுவதும் அந்தப் புதிய நெறிமுறைக்கு மாறியது. அதன் பிறகு இந்த நெறிமுறைகளைத் திருத்தியும் வளர்த்தும் வருவது ஐ.ஈ.ரி.எஃப். என்ற பொறியியலாளர் அமைப்பு. அங்கத்துவக் கட்டணம் இல்லை, யாரும் கலந்துகொள்ளலாம். அவர்கள் மொன்றியலில் 1996, 2006, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் கூடியிருக்கிறார்கள். அங்கே முறையான வாக்கெடுப்பு இல்லை. ஒரு கருத்துக்கு ஆதரவு எவ்வளவு என்று அறிய, சபையில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுவார்கள். முனகலின் பலத்தை வைத்துப் போக்கைக் கணிப்பார்கள். எங்கள் சங்கக் கூட்டங்களிலும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பெயரும் விலாசமும்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நான் மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம். அப்பா அம்மா கொக்குவிலில் இருந்தார்கள். அதற்கு ஒரு கிழமைக்கு முதல்தான் கடிதம் ஒன்று போட்டிருந்தேன். கடிதம் போய்ச் சேர வேண்டிய விலாசத்தில் ஆட்கள் இல்லை. அவர்கள் முதலில் மட்டுவில், பிறகு கிளிநொச்சி, பிறகு இன்னோர் இடம். ஏழு மாதம் கழித்துக் கைமாறிக் கைமாறி அந்தக் கடிதம் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. பாதை திறந்த பிறகு 2003இல் நான் ஊருக்குப் போனபோது, அம்மா அந்த உறையை எடுத்துக் காட்டினார். மூன்று விலாசங்கள் வெட்டப்பட்டு நான்காவது எழுதப்பட்டிருந்தது. அப்பாவின் பெயரை யாரும் வெட்டவில்லை.

விலாசம் மாறும், பெயர் மாறாது. இணையத்திலும் இதே பிரச்சினை இருந்தது. எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம், அதோடு எண்கள் மாறவும் செய்யும். ஆரம்பத்தில் எல்லாப் பெயர்களையும் அவற்றின் எண்களையும் ஒரே கோப்பில் எழுதி வைத்து, எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் பெருக்கவே அது கட்டுப்படியாகவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் என்பவர் வடிவமைத்த டி.என்.எஸ். என்ற முறை வந்தது. ஒரே புத்தகத்துக்குப் பதிலாக, பொறுப்புப் பிரித்துக் கொடுக்கப்பட்ட பல புத்தகங்கள். கனடாவின் ‘.சீஏ’ பெயர்களுக்கான பொறுப்பை 1987 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தொண்டர்கள் சிலர் பார்த்து வந்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல் சீரா என்ற அமைப்புப் பார்க்கிறது. 2010இல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே எழுதும் பெயர் முடிவும் அங்கீகாரம் பெற்றது.

பெயர் தெரியாதவற்றைத் தேடிப் பிடிக்கும் முயற்சியிலும் இந்த நகரத்துக்குப் பங்குண்டு. 1990இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் அலன் எம்ரேஜ் என்ற இளைஞர், சக ஊழியர்களான பில் ஹீலன், பீற்றர் டொய்ச் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஆர்ச்சி’தான் இணையத்தின் முதலாவது தேடுபொறி என்று கருதப்படுகிறது. எம்ரேஜ் பார்படோஸ் தீவில் இருந்து படிக்க வந்தவர். கூகிள் வருவதற்கு எட்டு வருடங்களுக்கு முந்திய கதை இது.

பெயரைச் சொன்னால் விலாசத்தைச் சொல்ல ஆள் இல்லாமற் போனால் என்னவாகும்? 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி ஞாபகம் இருக்கிறதா? திங்கட்கிழமை, மொன்றியல் நேரம் மதியத்துக்குச் சற்று முன்னர் வாட்ஸ்அப் நின்றது. பேஸ்புக்கும் நின்றது. ஊரில் ஏதோ நடந்துவிட்டது, தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று சிலர் எமது வானொலிக்கே எடுத்தார்கள். எங்களுக்கு அப்படித்தான் முதலில் தோன்றும். உண்மையில் நடந்தது வேறு. பேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களின் உள் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அதைக் கண்ட அவர்களின் பெயர்ப் புத்தகச் சேர்வர்கள், தங்களுக்கு வரும் வழியை மற்ற ரவுட்டர்களுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. உலகத்தில் யார் கேட்டாலும் அந்தப் பெயருக்கு விலாசம் சொல்ல ஆள் இல்லை. சுமார் ஆறு மணித்தியாலம் கழித்தே மீண்டது.

விலாசம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

நீங்கள் ஓர் இணையத்தளத்தைத் திறந்தால், உங்கள் வெளி விலாசம் அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பதில் அனுப்ப முடியாதே! அதைக் கொண்டு எந்தக் கம்பனியின் இணைப்பு, ஏறத்தாழ எந்த நகரம் என்று அவர்களால் ஊகிக்க முடியும். உங்கள் பெயர், வீட்டு இலக்கம் என்பன அந்த எண்ணில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த எண் யாருடைய வீட்டில் இருந்தது என்ற பதிவு இணைப்புக் கம்பனியிடம்தான் உண்டு.

பொலிஸ் அதைப் பெற முடியுமா? குற்ற விசாரணையில் பெற முடியும், ஆனால் சட்டத்தின் வழியாக. ஓர் ஐ.பி. விலாசத்துக்குப் பின்னால் உள்ள சந்தாதாரரின் விபரம் தனியுரிமைக்கு உட்பட்டது என்று 2014இல் ஸ்பென்சர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மார்ச் 1ஆம் திகதி பைகோவெட்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த வழக்கில் கல்கரிப் பொலிஸார், பணக் கொடுக்கல் வாங்கலைக் கையாளும் ஒரு நிறுவனத்திடம் நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஐ.பி. விலாசங்களைக் கேட்டுப் பெற்றிருந்தனர். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அந்த எண்ணுக்கே அரசியலமைப்பின் 8ஆம் பிரிவின் கீழ் தனியுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பொலிஸுக்கே இப்படி வரம்பு போட்டிருக்கும்போது, தொலைபேசியில் வந்து மிரட்டுகிறவன் யார்?

உள்ளே பேசுவது வெளியில் கேட்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். யுத்த காலத்தில் தொலைபேசியில் எதையும் நேராகச் சொல்லாமல் பேசிப் பழகியவர்கள் நாங்கள். வழியில் உள்ள ரவுட்டர்கள் பொதியின் வெளிப்பக்க விலாசத்தைப் பார்த்தே ஆகவேண்டும். உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தால் அதைப் படிக்க முடியாது. ஒட்டிய கடித உறை போல. வாட்ஸ்அப் செய்திகளும் அழைப்புகளும் 2016 முதல் இரு முனைகளுக்கும் இடையே அப்படிப் பூட்டியே போகின்றன.

கவனிக்க வேண்டிய உண்மையான ஆபத்துகளும் உண்டு. உங்கள் வைஃபையை வேறொருவர் பாவித்துத் தவறு செய்தால், வெளியில் தெரிவது உங்கள் வீட்டு விலாசம்தான். ஆகவே சில விடயங்களை மனதில் கொள்ளுங்கள்:

- ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபைக் கடவுச்சொல்லைக் கண்டவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.
- தொலைபேசியில் யாராவது சொன்னதற்காக, உங்கள் கணனியைத் தூரத்தில் இருந்து இயக்கும் மென்பொருள் எதையும் ஏற்றாதீர்கள்.
- பொலிஸோ, வருமான வரித் திணைக்களமோ கிவ்ற் காட்டில் காசு கேட்பதில்லை. கேட்டால் அவன் கள்ளன்.
- இப்படி அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கு 1-888-495-8501 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். காசு போய்விட்டிருந்தால் உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள்.
- ஏமாந்தவரைப் பிள்ளைகள் ஏசக்கூடாது. ஏச்சுக்குப் பயந்துதான் பலர் வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார்கள், அதனால் இரண்டாம் முறையும் ஏமாறுகிறார்கள்.

முதற் பகுதி ஒலிபரப்பான மறுநாள் அந்த அம்மா மீண்டும் எடுத்தார். “தம்பி, இப்ப விளங்கீட்டுது. அந்த விலாசம் மூலையில கிடக்கிற பெட்டிக்குத்தானே, எனக்கில்லையே?” என்றார். ஆம் என்றேன். “அப்ப இனி எடுத்தானெண்டால் பெட்டியோட கதைக்கச் சொல்லுறன்” என்றார்.

அடுத்த மாதம் ரி4, ரெலவே 1 போன்ற வருமான வரிப் படிவங்கள் பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை நிகழ்ச்சி நேரத்தில் தொலைபேசியில் கேட்கலாம்.